‘இவர்தான் ஸ்மித், எழுதி வச்சுக்கோ’

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆஷ்லி எல்ஸ்டன் எழுதிய ‘ஃபர்ஸ்ட் லை வின்ஸ்’ நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றில் ஒரு பங்கு தாண்டியிருப்பேன். அதில் மிஸ்டர் ஸ்மித் என்று ஒருவர் வருகிறார். வருகிறார் என்றுகூடச் சொல்ல முடியாது, குரலை மாற்றிப் பேசுவார், ஆள் வைத்து உத்தரவு கொடுப்பார், முகமே கிடையாது. அவர் யார் என்பதுதான் கதையின் பெரிய முடிச்சு. நான் ஒரு பக்கத்தைத் திருப்புகிறேன், ஓரமாக வந்துபோகிற ஒரு ஆள், அந்தப் பெயர்மேல் மட்டும் கோடு போட்டிருக்கிறது. கை சும்மா இருக்குமா, தொட்டேன். ஒரு குறிப்பு திறந்தது. தங்கிலீஷில் ஒரே வரி: ‘இவர்தான் ஸ்மித், எழுதி வச்சுக்கோ.’

எழுதியது என் மன்னி. ஒரே புத்தகத்தை இரண்டு தடவை காசு கொடுத்து வாங்குவானேன் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே கணக்கில்தான் மின்நூல் வாங்குகிறோம், அதனால் அவர் போடும் கோடெல்லாம் என் கருவியிலும் வந்துவிடும். பல தடவை சொல்லியிருக்கிறேன், கேட்க மாட்டார். உடனே போன் போட்டு, “மன்னி, இது நியாயமா?” என்றேன். “நான் எனக்காக எழுதினேன்டி, நீ ஏன் தொட்ட?” என்றார். அப்புறம் குரலை இறக்கி, “சரியாத்தானே இருந்தது?” என்று ஒரு கேள்வி. அதாவது முடிவைப் படித்துவிட்டு வந்து எழுதியதில்லையாம், போகிற போக்கில் ஊகித்தது. அவர் ஊகித்தது யாரை என்று இங்கே எழுத மாட்டேன். சரியா என்று கடைசிவரை படித்து நானே தெரிந்துகொண்டேன், சரிதான்.

மன்னியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அவர் புத்தகம் படிப்பவர் என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. 2020-ல் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது ஆரம்பித்த பழக்கம். காதில் ஹெட்போன், கையில் காய் நறுக்கும் கத்தி, உள்ளே யாரோ யாரையோ கொன்றுகொண்டிருப்பார்கள். என் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “உபன்யாசம் கேட்டுண்டே வேலை பண்றா, சமத்து” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மன்னியும் இல்லை என்று சொல்லவில்லை. இத்தனைக்கும் படிக்கக் கூடாது என்று தடுக்கிற வீடு ஒன்றும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று ஒரு நாள் கேட்டேன். “சொன்னா எல்லாரும் என்ன புக், என்ன கதைன்னு கேப்பா. இது ஒண்ணாவது என்கிட்டயே இருக்கட்டும்” என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

சரி, ஸ்மித் விஷயத்துக்கு வருகிறேன். கோபம் அடங்கினபிறகு மிச்சக் கதையைப் படித்தேன். எதிர்பாராத ஒன்று நடந்தது, நாவல் எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது. அந்த ஆள் வருகிற ஒவ்வொரு இடத்திலும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதாநாயகி சாதாரணமாகப் பேசிவிட்டு நகர்கிறாள், எனக்கு இங்கே வயிற்றைப் பிசைகிறது. ரகசியம் தெரிந்துவிட்டால் சஸ்பென்ஸ் போச்சு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அன்றிலிருந்து, கடந்த சில ஆண்டுகளில் படித்த காதல் நாவல்களையும் மர்ம நாவல்களையும் மனசுக்குள் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன். பல கதைகளின் முடிச்சை அவிழ்த்துப் பேசப்போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், மனஸ்தாபம் இல்லை.

‘ஃபர்ஸ்ட் லை வின்ஸ்’ 2024 ஜனவரியில் வந்தது. ஈவி போர்ட்டர் என்ற பெண், லூசியானாவில் ஒரு சின்ன ஊரில் ரயன் என்பவனோடு குடித்தனம் தொடங்குகிறாள். ஈவி போர்ட்டர் அவளுடைய பெயரே இல்லை, அதை முதலிலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். ஸ்மித் கொடுத்த வேலை, ஸ்மித் கொடுத்த பெயர், ரயனின் தொழிலைப் பற்றித் தகவல் எடுக்க வந்திருக்கிறாள். ஒரு விருந்தில் ஊர்க்காரன் ஒருவன் தன் காதலியை அறிமுகப்படுத்துகிறான், அவள் கை நீட்டிச் சொல்கிறாள், என் பெயர் லூக்கா மரினோ. அதுதான் ஈவியின் உண்மையான பெயர்! அடுத்தவர் பெயரில் வாழ்ந்துகொண்டிருக்கிறவளின் எதிரே அவள் பெயரில் இன்னொருத்தி வந்து நிற்கிறாள். நீ நான் இல்லை என்று கத்தவும் முடியாது, கத்தினால் தானும் மாட்டிக்கொள்வாள். ஆள்மாறாட்டக் கதைகளை எத்தனையோ பார்த்திருக்கிறோம், இந்த ஒரு காட்சிக்காக எல்ஸ்டனுக்குக் கை கொடுக்கலாம். கடைசி நூறு பக்கத்தில் கணக்கு வழக்கு கொஞ்சம் அதிகம், அதை மன்னித்துவிட்டேன்.

இந்த வகை நாவல்களில் கேள்வி மாறிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த துப்பறியும் கதைகளில் ஒரு பிணம் கிடக்கும், கொன்றது யார் என்று தேடுவார்கள். இப்போது பிணம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பக்கத்தில் படுத்திருக்கிற ஆள் யார் என்பதுதான் கேள்வி. 2012-ல் கில்லியன் ஃப்ளின் எழுதிய ‘கான் கேர்ள்’ வந்த பிறகு இந்தக் கதவு அகலமாகத் திறந்துகொண்டது என்று நினைக்கிறேன். ஐந்தாவது திருமண நாளன்று மனைவி எமி காணாமல் போகிறாள், அவளுடைய டைரி நமக்குக் கிடைக்கிறது, பாதிக் கதைக்குமேல் அந்த டைரியே ஜோடனை என்று தெரிகிறது. எனக்கு அதில் இன்னும் மறக்காதது டைரி இல்லை. எமியின் அப்பா அம்மா குழந்தைக் கதை எழுதுகிறவர்கள், மகளை வைத்தே ‘அமேசிங் எமி’ என்று ஒரு தொடர் எழுதிச் சம்பாதித்தவர்கள். நிஜ எமி வயலினை விட்டுவிட்டால் கதை எமி விடாமல் வாசிப்பாள். வீட்டிலேயே தன்னைவிட நல்ல ஒரு எமியோடு வளர்ந்த பெண் வேறு எப்படி ஆவாள்! அவள் செய்வதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் முகமூடி போட அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்பதை ஆசிரியர் காட்டிவிட்டார், பின்னால் வந்த பல நாவல்கள் இதைச் செய்வதே இல்லை. அவற்றில் ஆள் திடீரென்று கெட்டவராகிவிடுவார், அவ்வளவுதான்.

லாரா டேவின் ‘தி லாஸ்ட் திங் ஹி டோல்ட் மி’ (2021) அதே கேள்வியை வேறு பக்கமாகத் திருப்பிக் கேட்கிறது. ஹன்னா மரக்கடைசல் செய்கிறவள். கலிபோர்னியாவில் சாசலிட்டோ என்ற இடத்தில் ஒரு படகு வீட்டில் கணவன் ஓவனோடும் அவனுடைய பதினாறு வயது மகள் பெய்லியோடும் வாழ்கிறாள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை, மகளுக்கு இவளைக் கண்டாலே ஆகாது. ஓவன் வேலை பார்க்கும் கம்பெனியில் மோசடி வெளியாகிறது, அன்றே ஆள் மாயம். ஒரு சின்னப் பெண் கையில் துண்டுச் சீட்டு கொடுத்தனுப்பியிருக்கிறான், அவளைக் காப்பாற்று என்று மட்டும் எழுதியிருக்கிறது. மகளின் பள்ளி லாக்கரில் ஒரு பை நிறையப் பணம். தேடிப் போகப் போக அவனுக்கு வேறு பெயர் இருந்ததும், மகளுக்கே வேறு பெயர் இருந்ததும் தெரியவருகிறது.

இதே சாமான்களை வைத்து இன்னொருவர் திகில் கதை எழுதியிருப்பார். டேவ் எழுதியதை நான் காதல் கதை என்றுதான் சொல்வேன். ஓவன் சொன்ன விவரமெல்லாம் பொய், ஆளின் குணத்தைப் பற்றி ஹன்னா புரிந்துவைத்திருந்தது மட்டும் பொய்யாகவில்லை. காதல் நாவலுக்கும் திகில் நாவலுக்கும் இன்றைக்கு இருக்கிற வித்தியாசமே இதுதானோ என்று தோன்றுகிறது. இரண்டிலும் ஒருவர் எதையோ மறைக்கிறார், இரண்டிலும் அது ஒரு நாள் வெளியே வரும். வந்தபிறகு கட்டிக்கொள்வார்களா, கழுத்தை நெரிப்பார்களா என்பதை வைத்துத்தான் கடைக்காரர் எந்த அலமாரியில் வைப்பது என்று முடிவு செய்கிறார். மன்னி இதைவிடச் சுருக்கமாகச் சொல்வார்: “அட்டையில பூ இருந்தா பயப்பட வேண்டாம்.”

பூ இருக்கிற அட்டைக்கு ஒரு உதாரணம், எமிலி ஹென்றியின் ‘பீச் ரீட்’ (2020). ஜனவரி என்ற பெண் காதல் நாவல் எழுதிப் பிழைக்கிறவள். அம்மா அப்பாவுடைய கல்யாணம்தான் அவளுக்கு முன்மாதிரி, எழுதுவதெல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்து எழுதியது. அப்பா இறந்துபோகிறார். சாவு வீட்டில் ஒரு பெண்மணி வந்து ஒரு கடிதத்தையும் ஒரு சாவியையும் கொடுக்கிறாள். மிச்சிகன் ஏரிக்கரையில் அப்பாவுக்கு இன்னொரு வீடு இருந்திருக்கிறது, இவளோடு. பணமும் தீர்ந்து, எழுதவும் வராமல், ஜனவரி அந்த வீட்டிலேயே போய் உட்கார்கிறாள். பக்கத்து வீட்டுக்காரன் கல்லூரி நாளில் போட்டி போட்ட இலக்கிய எழுத்தாளன், நீ என் மாதிரி எழுது, நான் உன் மாதிரி எழுதுகிறேன் என்று பந்தயம், அப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும். அந்தக் காதலைவிட எனக்கு அந்த வீடுதான் முக்கியமாகப் பட்டது. போய்ச்சேர்ந்த அப்பாவின் இன்னொரு சமையலறையில் நின்றுகொண்டு, இங்கே அவர் எந்தக் கோப்பையில் காபி குடித்திருப்பார் என்று ஒரு மகள் யோசிக்க வேண்டியிருக்கிறதே, அது கொலையைவிடக் கொடுமை. கேள்வி கேட்க ஆள் இல்லை. செத்தவரோடு சண்டை போட முடியாது. நம் ஊரில் பதிமூன்றாம் நாள் காரியத்தின்போது வாசலில் தயங்கி நிற்கிற ஒரு பெண்ணையும் கூட ஒரு பையனையும் பார்த்திருக்கிறவர்களுக்கு இந்த நாவலை விளக்க வேண்டியதே இல்லை.

இனி என் மனக்குறை. கதாபாத்திரம் இன்னொரு கதாபாத்திரத்திடம் மறைப்பது ஒன்று, ஆசிரியர் என்னிடம் மறைப்பது இன்னொன்று. இரண்டாவதில் எனக்கு நாளாக நாளாகச் சலிப்பு வருகிறது.

அலெக்ஸ் மைக்கேலிடிஸ் 2019-ல் எழுதிய ‘தி சைலன்ட் பேஷன்ட்’ உலகமே கொண்டாடிய புத்தகம். கணவனை ஐந்து முறை சுட்டுவிட்டு, அதன்பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசாத ஓவியர் அலிசியா, அவளைப் பேசவைக்க வருகிற மனநல சிகிச்சையாளர் தியோ. முதல் தடவை படித்தபோது கடைசியில் நானும் வாயைப் பிளந்தேன். ஆறு மாதம் கழித்து இரண்டாம் தடவை படித்தேன், அப்போது தந்திரம் தெரிந்துவிட்டது. முன்னும் பின்னுமாக நடந்த இரண்டு கதைகளை ஒரே சமயத்தில் நடப்பதுபோல அடுக்கி வைத்திருக்கிறார். தியோ யாரை ஏமாற்றினான் என்று பார்த்தால் பெரும்பாலும் என்னைத்தான். கதைக்குள் இருக்கிறவர்களுக்கு அந்த அடுக்கு தெரியவே தெரியாது. சீட்டுக்கட்டு வித்தை மாதிரி, ஒரு தடவை கை தட்டலாம்.

ஆனால் 1926-ல் அகதா கிறிஸ்டி எழுதிய ரோஜர் அக்ராய்டு கொலைக் கதையை நான் நாலு தடவை படித்திருக்கிறேன். அதிலும் கதை சொல்கிறவர்தான் மறைக்கிறார், முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்கு வரும்போது புல்லரிக்கிறது: எட்டு நாற்பதுக்குக் கடிதம் வந்தது, எட்டு ஐம்பதுக்கு நான் வெளியே வந்தேன் என்று டாக்டர் எழுதுகிறார், நடுவில் பத்து நிமிடம். பொய் ஒன்றுமே சொல்லவில்லை, தாண்டிப் போய்விட்டார். திரும்பப் படிக்கும்போது அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்பது அந்த ஒரு இடைவெளியில் தெரிகிறது, தன் சாமர்த்தியத்தைத் தானே ரசிக்கிற மனுஷர். மறைக்கிற விதத்திலேயே ஆளின் குணம் வந்துவிட்டால், ரகசியம் உடைந்தபிறகும் புத்தகத்தில் படிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ‘வெரிட்டி’. காதல் கதைகளுக்குப் பேர்போன கொலீன் ஹூவர் 2018-ல் தானே சொந்தமாக வெளியிட்ட நாவல், பின்னால் பெரிய பதிப்பகம் எடுத்துக்கொண்டது. கஷ்டத்தில் இருக்கிற எழுத்தாளர் லோவன், விபத்துக்குப் பிறகு அசைவில்லாமல் கிடக்கிற பிரபல எழுத்தாளர் வெரிட்டியின் தொடரை முடித்துக்கொடுக்க அவர்கள் வீட்டுக்கே வந்து தங்குகிறாள். அங்கே வெரிட்டி எழுதிவைத்த தன்வரலாறு கிடைக்கிறது, ஒரு தாய் எழுதக்கூடாததெல்லாம் அதில் இருக்கிறது. கடைசியில் ஒரு கடிதமும் கிடைக்கிறது: அது உண்மை இல்லை, கெட்டவளின் பார்வையில் எழுதிப் பழகினேன் என்று. எது நிஜம்? ஆசிரியர் சொல்ல மாட்டார். மன்னி கடிதத்தின் பக்கம், நான் தன்வரலாற்றின் பக்கம், ஒரு வாரம் வாட்ஸாப்பில் சண்டை. எழுத்து நடை சுமார்தான், படுக்கையறைக் காட்சிகள் தேவைக்கு மேல். ஆனாலும் ஒன்றை விட முடியவில்லை. லோவன் அந்தக் கடிதத்தை அழித்துவிடுகிறாள், வெரிட்டியின் கணவனிடம், இப்போது தன் காதலனாகிவிட்டவனிடம், காட்டுவதில்லை. காதல் கதைக்குரிய சுபமான முடிவு வந்தாயிற்று, வயிற்றில் குழந்தைகூட உண்டு, அதன் அடியில் அவள் விழுங்கிவிட்ட ஒரு கடிதம். நாளைக்கு இவளை யாராவது அந்த வீட்டில் கண்டுபிடித்தால் இவள்தான் அடுத்த வெரிட்டி.

ஃப்ரீடா மெக்ஃபேடனின் ‘தி ஹவுஸ்மெய்ட்’ (2022) பற்றியும் கேட்பீர்கள். பரோலில் வந்த பெண் பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள், மாடியில் சின்ன அறை, தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. அந்தத் தாழ்ப்பாள் ஒன்றே போதும், பஸ்ஸில் படித்தால் நிறுத்தம் தப்பிவிடும். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

எழுதுகிறவர்களே ஒளிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது இதில் இன்னொரு வேடிக்கை. மெக்ஃபேடன் என்பதே புனைபெயர், அவர் ஒரு டாக்டர். ஸ்பெயினில் கார்மென் மோலா என்ற பெண் ரத்தம் தெறிக்கும் குற்ற நாவல்கள் எழுதிவந்தார். காலையில் அல்ஜீப்ரா பாடம் நடத்துகிற பேராசிரியை, மூன்று பிள்ளைகளின் தாய் என்று செய்திகளில் சொல்லப்பட்டிருந்தது. 2021 அக்டோபரில் பத்து லட்சம் யூரோ மதிப்புள்ள பிளானேட்டா பரிசை அறிவிக்கிறார்கள், மேடைக்கு மூன்று ஆண்கள் ஏறி வருகிறார்கள். மூன்று பேரும் டிவிக்குத் திரைக்கதை எழுதுகிறவர்கள். மாட்ரிட்டில் பெண் எழுத்தாளர்களின் புத்தகங்களை விற்கிற ஒரு கடை மோலாவின் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன். பெயரை மாற்றிக்கொள்ளட்டும், யாரும் கேட்கப்போவதில்லை. மூன்று பிள்ளைகளும் அல்ஜீப்ராவும் எதற்கு?

நமக்கு இது புதிதில்லை என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன், ரா.கி. ரங்கராஜன், இருந்ததால் இன்னொரு ரங்கராஜன் மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். எங்கள் வீட்டுக் கதை இதைவிட நன்றாக இருக்கும். அம்மாவிடம் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் இருக்கும், ஸ்ரீவேணுகோபாலன் எழுதிய ‘திருவரங்கன் உலா’. படையெடுப்புக்குப் பயந்து அரங்கனைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களின் கதை, ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்கு அது சொந்தக் கதை. அம்மா குளிக்காமல் அதைத் தொட மாட்டார். அதே அம்மா, புஷ்பா தங்கதுரை என்ற பெயரைக் கேட்டாலே மூக்கைச் சுளிப்பார், அவர் பெயர் போட்ட பத்திரிகை வீட்டுக்குள் வந்தால் பழைய பேப்பர்காரருக்குத்தான். இருவரும் ஒரே ஆள் என்று நான் கல்லூரி படிக்கும்போது யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, வந்து அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. பிறகு நம்பினார். புத்தகத்தைப் படத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்துப் பார்த்தார், முந்தானையால் துடைத்தார், திரும்ப அங்கேயே வைத்தார். “அவருக்கு என்ன கஷ்டமோ” என்றார்.

மறைந்திருப்பது நமக்குத் தெரிந்திருக்கிற கதை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது விராட பருவம். மழை இல்லாத வருஷம் படிக்கவைப்பார்கள், படித்தால் மழை வரும் என்று நம்பிக்கை. பாண்டவர்கள் ஒரு வருஷம் அஞ்ஞாதவாசம், பீமன் மடைப்பள்ளியில், அர்ஜுனன் பிருகன்னளையாக நாட்டியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, திரௌபதி சைரந்திரியாக அரசிக்குத் தலை வாரிக்கொண்டு. கீசகன் திரௌபதியை நெருங்கும்போது அவனுக்கு அவள் யார் என்று தெரியாது, சபையில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது, திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற அத்தனை பேருக்கும் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் கணவன்மார், பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாது. இதில் என்ன ட்விஸ்ட் இருக்கிறது? ஒன்றும் இல்லை, ஆனாலும் கேட்கிறவர்கள் எழுந்து போனதில்லை.

இப்படிப்பட்ட நாவல் ஒன்றுதான் நான் இந்தச் சில ஆண்டுகளில் படித்ததிலேயே ஆகச் சிறந்தது என்பேன். பிரிட் பென்னட்டின் ‘தி வானிஷிங் ஹாஃப்’, 2020 ஜூனில் வந்தது. மர்ம நாவல் அலமாரியிலும் இருக்காது, காதல் நாவல் அலமாரியிலும் இருக்காது, ஆனால் ஒரு தேடல், இரண்டு காதல், ஊர்ப்பட்ட ரகசியம் எல்லாம் அதில் உண்டு.

லூசியானாவில் மல்லார்ட் என்று ஒரு கற்பனை ஊர். கறுப்பினத்தவர் ஊர்தான், ஆனால் வெளுத்த தோல் உள்ளவர்களுக்கென்றே உண்டாக்கப்பட்டது, ஒவ்வொரு தலைமுறையும் முந்தினதைவிட வெளுப்பாகப் பிறக்க வேண்டும் என்பது அந்த ஊரின் வெறி. அங்கே பிறந்த இரட்டையர் டெசிரேயும் ஸ்டெல்லாவும் சின்ன வயதில் தங்கள் அப்பாவை வெள்ளையர் கும்பல் கொன்றதைப் பார்த்தவர்கள். 1954-ல், பதினாறு வயதில், நியூ ஆர்லியன்ஸுக்கு ஓடிப்போகிறார்கள். ஒரு பெரிய கடையின் அலுவலகத்தில் வேலைக்குப் போகிற ஸ்டெல்லாவை வெள்ளைக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவள் திருத்தவில்லை, அங்கே அவள் செய்தது அது ஒன்றுதான். பிறகு முதலாளியையே கட்டிக்கொண்டு, அக்காவிடம் சொல்லாமல் மறைந்துபோய், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியாக வாழ்கிறாள். டெசிரே பல வருஷம் கழித்துக் கரிய நிறத்து மகள் ஜூடைக் கையில் பிடித்துக்கொண்டு மல்லார்டுக்கே திரும்பி வருகிறாள்.

ஸ்டெல்லா எங்கே போனாள் என்பதை மறைத்துவைத்து, கடைசி அத்தியாயத்தில் உடைத்திருந்தால் ஒரு நல்ல த்ரில்லர் கிடைத்திருக்கும். பென்னட் அதைச் செய்யவில்லை, சீக்கிரமே நம்மை ஸ்டெல்லாவின் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் உட்காரவைக்கிறார். அங்கே என்ன இருக்கிறது என்றால், பயம். பிள்ளை உண்டானபோது என்ன நிறத்தில் பிறக்குமோ என்று பயம். எதிர்வீட்டுக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவருகிறது என்றதும், குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து வேண்டாம் என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்பவள் ஸ்டெல்லாதான். வெள்ளைக்காரர்களை ஏமாற்றிவிடலாம், தன் இனத்தவர் கண்ணில் படாமல் தப்புவது கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் அதே வீட்டுப் பெண்மணி லொரெட்டாவிடம் போய்ப் பழகுகிறாள், ஒளித்து ஒளித்துப் போகிறாள், அத்தனை வருஷத்தில் அவள் மூச்சு விட்டது அந்த அடுக்களையில்தான். அந்தப் பகுதியை நான் இரண்டு நாள் மூடி வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

புருஷனுக்குத் தெரியாது, மகள் கென்னடிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதனால் சாதாரணமான ஒரு வாக்கியம்கூடக் கனக்கிறது. மகள் சின்னவளாக இருந்தபோது குளிப்பாட்டிக்கொண்டே தன் ஊர்ப் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறாள். பின்னால் மகள் கேட்கும்போது அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிக்கிறாள். ஆண்டுகள் கழித்து ஒரு பணக்கார விருந்தில் பரிமாறும் வேலைக்குப் போகிற ஜூட், தன் அம்மாவின் முகத்தோடு ஒரு வெள்ளைக்காரி நிற்பதைப் பார்த்து, கையிலிருந்த மது பாட்டிலைத் தவறவிடுகிறாள். விரிப்பெல்லாம் கறை. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, ஐயோ என்றுதான் வந்தது.

ஜூடின் காதலன் ரீஸ் பெண்ணாகப் பிறந்து, ஊரைவிட்டுக் கிளம்பி, வரும் வழியிலேயே ஆணாக மாறி வந்தவன். அவர்களுடைய நண்பன் ஒருவன் வாரநாளில் வேதியியல் வாத்தியார், சில சனிக்கிழமை ராத்திரிகளில் மேடையில் பெண் வேஷத்தில் பியாங்கா. இவர்களும் தங்களைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டவர்கள்தான், ஸ்டெல்லாவும் அப்படித்தான். ஆனால் ரீஸுக்கு எல்லாம் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருக்கிறாள், ஸ்டெல்லாவுக்கு ஒருவரும் இல்லை. பென்னட் இதை எங்கேயும் விளக்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். கென்னடி நியூயார்க்கில் நாடகம் நடிக்கப் போகிற பகுதி மட்டும் எனக்குக் கொஞ்சம் இழுத்தது, கதைக்கு அது தேவை என்று புரிகிறது, இருந்தாலும்.

டெசிரேயைக் கண்டுபிடிக்க அவள் புருஷன் அனுப்பிய ஆள் ஏர்லி. ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் அவன் பிழைப்பு. அவளைக் கண்டுபிடித்துவிட்டு, கிடைக்கவில்லை என்று பொய் சொல்லிவிடுகிறான், கடைசிவரை அவளோடு இருக்கிறான், ஸ்டெல்லாவை அவளுக்காகத் தேடிக்கொண்டே இருக்கிறான். இவ்வளவு புத்தகத்தில் எனக்குப் பிடித்த காதல் இவனுடையது. கல்யாணம்கூடக் கிடையாது, வருவான், போவான், வாசலில் உட்கார்ந்து பழுதான எதையாவது சரிசெய்வான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்த நாவலை வாங்கி வைத்துவிட்டு மன்னிக்குச் செய்தி அனுப்பினேன், இதில் ஊகிக்க ஒன்றும் இல்லை, முதலிலேயே எல்லாம் சொல்லிவிடுவார்கள் என்று. “அப்படின்னா எதுக்குப் படிக்கணும்?” என்று பதில் வந்தது. ஆனால் ஆரம்பித்துவிட்டார். ஒரே கணக்கு என்பதால் அவர் எதுவரை படித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிகிறது. ராத்திரி பதினொன்றரைக்கு 22 சதவீதம், காலையில் 31. ஒரு கோடுகூடப் போடவில்லை, ஒரு குறிப்பும் இல்லை. நேற்று சாயங்காலம் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணா டிவி பார்த்துக்கொண்டிருந்தான், அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தார், மன்னி காதில் ஒன்றும் மாட்டாமல் காபி கலந்துகொண்டிருந்தார். அடுக்களைக்குள் போனதும், “அவ ஊருக்குத் திரும்பிப் போவாளா?” என்று கேட்டார், மெதுவாக. முன்னறையிலிருந்து அம்மா, “யாரு போகப்போறா?” என்றார்.

“ஒண்ணுமில்லம்மா,” என்றார் மன்னி, “உபன்யாசத்துல ஒரு கதை.”